கைப்பேசி போதுமா?

கணினியின் காலம் முடிந்தது, இனிக் கைப்பேசியே எல்லாப் பணிக்கும் போதும் என்னும் கருத்து இன்று பரவலாக வழங்குகிறது. இணையப் பக்கங்களைப் பார்வையிடுவதில் கைப்பேசியும் கைக்கணினியும் சேர்ந்து 51.3 விழுக்காடு பெற்று, மேசைக் கணினியை முதன்முறையாக முந்தின என்று 2016ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஸ்டேட்கவுண்ட்டர் நிறுவனம் கணக்கிட்டது. அக்கணக்கைக் காட்டி, கணினியை அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிடலாம் என்பாரும் உளர். இக்கூற்று எவ்வளவு பொருந்தும், அதிலும் தமிழ் கற்பிக்கும் நமக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை ஆராய்தல் நம் கடன்.

உவமையின் குறை

ஆப்பிள் நிறுவனத் தலைவராய் இருந்த ஸ்டீவ் ஜாப்ஸ் 2010ஆம் ஆண்டு ஒரு மேடையில் ஓர் உவமை சொன்னார். நாடு உழவை நம்பியிருந்த நாளில் வண்டிகளெல்லாம் லாரிகளாய் இருந்தன. மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபின் கார்கள் பெருகின. கணினியும் இனி லாரியைப் போலச் சிலருக்கே வேண்டியிருக்கும் என்பது அதன் கருத்து.

உவமை அழகியதே. ஆனால் ஜொகூரில் செம்பனைத் தோட்டப் பள்ளியொன்றில் தலைமையாசிரியனாய் இருக்கும் எனக்கு, அது முழுமை பெற்றதாகத் தோன்றவில்லை. வெட்டிய செம்பனைக் குலை நெடுநேரம் கிடந்தால் எண்ணெயின் தரம் கெட்டுவிடும். லாரி வாராத நாளில், தோட்டத்திலுள்ள கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஒன்றுகூடினாலும் அக்குலைகளை ஆலைக்குச் சேர்த்தல் இயலாது. லாரிகள் சிலவே, அச்சிலவற்றின் மேல்தான் தோட்டமே நிற்கிறது. ஆகவே, லாரி வைத்திருப்போர் எத்தனை பேர் என்பது வினாவன்று. லாரி ஓட்டத் தெரிந்தவர் நம் பிள்ளைகளுள் உண்டா என்பதே வினா.

கைப்பேசி செய்த நன்மை

கைப்பேசியின் புகழை மறைத்தல் என் நோக்கமன்று. தமிழுக்கு அது செய்த நன்மை பெரிது.

தமிழ்த் தட்டச்சுப் பொறியை ஆக்கித் தந்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த ஆர். முத்தையா. 247 எழுத்தை ஒரு பொறியின் சில விசைகளுக்குள் அடக்கியது அரிய செயல். எனினும் அப்பொறி அலுவலகத்தோடு நின்றது. எளியவர் இல்லத்துக்குள் வரவில்லை. நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற காலத்திலும் தமிழ்ப் பாடக் குறிப்புகளை ஸ்டென்சில் தாளில் கையால் எழுதியே படியெடுத்தோம்.

பின்னர்க் கணினி வந்தது. சிங்கப்பூரின் தேசியக் கல்விக் கழகத்தில் ஆசிரியர்களைப் பயிற்றிய நா. கோவிந்தசாமியின் உழைப்பால், 1995ஆம் ஆண்டிலேயே தமிழ்க் கவிதை தமிழெழுத்தில் இணையமேறியது. 1997ஆம் ஆண்டு அவர் முன்னின்று நடத்திய தமிழ் இணைய மாநாடும் இந்நகரிலேதான் கூடியது. மலேசியாவின் முத்து நெடுமாறன் ஆக்கிய முரசு அஞ்சலால் தமிழ்க் கடிதங்கள் கடல் கடந்தன. ஆயினும் அந்நாளில் எழுத்துருக்கள் பல, குறியீடுகள் பல, விசைப்பலகைகளும் பல. ஒருவர் அனுப்பிய மடல், அதே எழுத்துரு இல்லாதவர் திரையில் பொருளற்ற கோடுகளாய்த் தெரிந்தது. இதனால் சலித்துத் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியவர் பலர்.

அச்சலிப்பை நீக்கியவற்றுள் ஒன்று கைப்பேசி. 2005ஆம் ஆண்டு பொங்கலை ஒட்டிச் சிங்கப்பூரில் அறிமுகமான செல்லினம், தமிழில் குறுஞ்செய்தி எழுத வழி செய்தது. 2013ஆம் ஆண்டு முதல் ஆப்பிள் கைப்பேசியில் தமிழ் விசைப்பலகை உள்ளமைந்தே வந்தது. யூனிகோடு என்னும் ஒரே குறியீடு நிலைபெற்றபின், கணினியைத் தொட்டறியாத பாட்டியும் பேரனுக்குத் தமிழில் வாழ்த்து எழுதினார். கணினியால் இயலாத இப்பரப்பைக் கைப்பேசி எட்டியது என்பதை மறுத்தல் நன்றியின்மையாகும்.

புக்கிட் மேராவில் கண்டது

அந்நன்மைக்குள் ஒரு தீங்கும் முளைத்திருப்பதை அண்மையில் கண்டேன். பள்ளி விடுமுறையில் புக்கிட் மேராவிலுள்ள என் தங்கை வீட்டில் தங்கியிருந்தேன். உயர்நிலை மூன்றில் பயிலும் மருமகன், பள்ளிக்கென வாங்கிய மடிக்கணினியில் ஆங்கிலக் கட்டுரையும் அறிவியல் ஆய்வுக் குறிப்பும் விரைந்து எழுதினான். தமிழ்ப் பணி வந்ததும் மடிக்கணினியை மூடிவிட்டுக் கைப்பேசியை எடுத்தான். காரணம் கேட்டேன். “இதுல தமிழ் எங்க இருக்குன்னு தெரியாது, மாமா” என்றான்.

தமிழ் அதனுள்ளேயே இருந்தது. அமைப்புப் பக்கத்தில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்க்கப் பத்து நிமிடமும் ஆகவில்லை. மூன்று ஆண்டுகளாக அவனுக்கு அதை எவரும் காட்டவில்லை. மாமனாகிய நானுந்தான் காட்டவில்லை.

ஒரு வீட்டில் கண்டதைக் கொண்டு நாட்டை அளத்தல் தகாது. ஆயினும் இப்பக்கத்தைப் படிக்கும் ஆசிரியர்கள் தம் மாணவரை ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும். 2028ஆம் ஆண்டுக்குள் என்று வகுத்த திட்டம் பெருந்தொற்றால் விரைவுபெற்று, 2021ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூரின் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவர்க்கும் மடிக்கணினியோ கைக்கணினியோ கிடைக்க வழி செய்தது. 2026ஆம் ஆண்டு ஜனவரி முதல், அம்மாணவர் பள்ளி நேரம் முழுவதும் திறன்பேசியைப் பயன்படுத்தலாகாது என்னும் விதியும் வந்துள்ளது. விதி நல்லதே. ஆனால் ஆங்கிலம் மடிக்கணினியிலும் தமிழ் கைப்பேசியிலும் குடியிருக்குமானால், பள்ளி வாயிலில் அடைக்கப்படுவது கைப்பேசி மட்டுமன்று.

எழுத்துக்குப் பலகை வேண்டும்

கேட்டல், பேசல், படித்தல், எழுதல் என மொழித்திறன் நான்கு என்று பயிற்சிக் கல்லூரியில் கற்றோம். முன்னைய மூன்றுக்கும் கைப்பேசி ஏற்ற கருவி. நான்காவதிலும் வாழ்த்துக்கும் மறுமொழிக்கும் அது போதும். கட்டுரைக்குப் போதாது.

நன்னூல் நூற்குற்றம் பத்தென வகுக்கிறது. அவற்றுள் கூறியது கூறல், மாறுகொளக் கூறல் என்னும் இரண்டை நோக்குக. முதற்பத்தியும் நான்காம் பத்தியும் ஒருங்கே கண்முன் நின்றாலன்றோ சொன்னதையே சொன்னோம் என்பது விளங்கும்? கைப்பேசியில் விசைப்பலகை பாதித் திரையைப் பிடித்துக்கொள்ள, சில வரிகளே தெரிகின்றன. அவ்வரிகளில் எழுத்துப்பிழையைக் காணலாம். கருத்துப்பிழையைக் காண்பது அரிது. மருமகன் மடிக்கணினியில் தன் கட்டுரையை முழுமையாகக் கண்டபோது, எவரும் சொல்லாமலே கடைசிப் பத்தியை முதலாக மாற்றினான். திருத்துதலும் எழுதுதலின் பகுதியே என்பதை நான் பலமுறை வாயால் சொல்லியிருக்கிறேன். அவனுக்கு அதை அகன்ற திரை ஒரே மாலையில் உணர்த்தியது.

வாயால் சொன்னால் பொறியே எழுதிக்கொள்ளும், விசைப்பலகை எதற்கு என்று கேட்பாரும் உளர். அவ்வசதி வேறு மொழிக்கு எவ்வாறாயினும் ஆகுக; நமக்குப் பேச்சு வழக்கு ஒன்று, எழுத்து வழக்கு ஒன்று. ‘வந்துட்டாங்க’ என்று சொன்னதை ‘வந்துவிட்டார்கள்’ என்று ஆக்கும் வேலை பின்னும் நிற்கிறது. அவ்வேலைதான் எழுத்துப் பயிற்சி. கைப்பேசியோடு பெரிய திரையும் விசைப்பலகையும் இணைக்கலாமே என்றால், நன்று. அப்போது அது கைப்பேசி என்னும் பெயருடைய கணினி ஆகிவிடுகிறது. பெயரில் எனக்கு வழக்கில்லை.

தமிழுக்காகச் சுமந்த லாரிகளையும் எண்ணுக. 1998ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாட்டுத் தன்னார்வலர் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி, மெய்ப்புப் பார்த்து இணையத்தில் இட்டனர். இன்று அந்நூல்களைக் கைப்பேசியில் படிக்கிறோம். படிப்பது எக்கருவியிலும் ஆகலாம். படிப்பதற்குரியதை ஆக்கியவர் விசைப்பலகை முன் உட்கார்ந்தவரே.

செய்யத்தக்கன

பெருஞ்செலவு எதுவும் வேண்டுவதில்லை. ஆண்டின் முதல் வாரத்தில் ஒரு பாடவேளை ஒதுக்கி, மாணவர் கணினியில் தமிழ் விசைப்பலகையை அமைக்கச் செய்வோம். தமிழ்99 முறையில் உயிரெழுத்து இடக்கையிலும் மெய்யெழுத்து பெரும்பாலும் வலக்கையிலும் அமைவதால், எழுத்திலக்கணம் கற்ற பிள்ளைக்கு அது எளிதில் வரும். பருவத்துக்கு ஒரு கட்டுரையேனும் விசைப்பலகையில் எழுதச் செய்து, முதல் வரைவையும் திருத்திய வரைவையும் ஒருங்கே வாங்கி மதிப்பிடுவோம். அதற்கு முன் நாமே நம் குறிப்புகளைக் கணினியில் எழுதப் பழகுவோம். வந்ததை மேலனுப்புதல் எழுதுதல் ஆகாது.

கைப்பேசி கணினியின் இடத்தைப் பிடிக்குமா என்பது முதலில் எழுப்பிய வினா. உலகில் இரண்டும் தத்தம் பணியோடு நிற்கும் என்றே கருதுகிறேன். தமிழில் மட்டும் பிடித்துவிடக்கூடும், நாம் வாளா இருந்தால். அவ்வாறு பிடித்தால் அது கருவியின் வெற்றியன்று. பத்து நிமிடம் ஒதுக்காத நம் குறை.