பாட்டின் கீர்த்தி யாரைச் சேரும்?

ஒரு திரைப்பாடலைக் கேட்டு மனம் உருகிய ரசிகரிடம், "இது யார் பாட்டு?" என்று கேட்டால், ஒருவர் பாடகியின் பெயரைச் சொல்வார், மற்றொருவர் இசையமைப்பாளரின் பெயரைச் சொல்வார், மூன்றாமவரோ "எம்.ஜி.ஆர். பாட்டு" என்று சொல்லிவிட்டு, திரையில் வாயசைத்தவர் அவர், பாடியவர் டி. எம். சௌந்தரராஜன் என்பது தெரிந்திருந்தும், அதில் பிழையேதும் இருப்பதாக எண்ணாமல் தம் வழியே போய்விடுவார். ஒரே பாட்டுக்கு இத்தனை உரிமையாளர்கள் எப்படி வந்தார்கள், அவர்களுள் கீர்த்தியில் மூத்த பங்கு எவருக்கு என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் பழைய சங்கீத மரபில் இந்த விவாதத்துக்கு அதிக இடம் இருக்கவில்லை. சொல்லையும் இசையையும் ஒருங்கே படைத்தவரை வாக்கேயகாரர் என்று போற்றினார்கள். தியாகராஜர் தம் பெயரையும் தீட்சிதர் 'குருகுஹ' என்ற சொல்லையும் சாஹித்யத்துக்குள்ளேயே முத்திரையாக வைத்துவிட்டதனால், எவர் எங்கே பாடினாலும், படைத்தவரின் பெயரைப் பாடுகிறவரே தம் வாயால் சொல்லிவிடுவார். கிருதி வாக்கேயகாரருடையது, கச்சேரி வித்வானுடையது. அந்த எல்லையை இருவரும் மீறவில்லை.

அந்த எல்லையைக் கலைத்தது இசைத்தட்டு. 1902-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்ற பாடகியின் குரலைப் பதிவு செய்தபோது, ஏறக்குறைய மூன்று நிமிஷம் ஓடும் அந்தத் தட்டின் முடிவில் அவர் தம் பெயரைத் தாமே உரக்கச் சொன்னார். ஜெர்மனியில் தட்டை அச்சடிக்கிறவர்கள் எந்தக் குரல் எவருடையது என்று அறிந்து சீட்டு ஒட்டுவதற்காக ஏற்பட்ட வழக்கம் அது. ஆயினும், கச்சேரியோடு காற்றில் கரைந்துபோயிருந்த பாட்டு கையில் எடுத்துப் பார்க்கத்தக்க பண்டமாக மாறிய கணத்திலேயே, அதன்மேல் எழுதப்படும் பெயரும் ஒரு சொத்தாக மாறிவிட்டது.

1931-இல் 'காளிதாஸ்' என்ற பேசும்படம் வெளிவந்ததை அடுத்த சில ஆண்டுகளில் நடிப்பவரே பாடினார். தியாகராஜ பாகவதரின் சாரீரத்துக்காகவே ஜனங்கள் கொட்டகைக்குப் போனார்கள். பாபநாசம் சிவனின் சாஹித்யத்தையும் ஜி. ராமநாதனின் இசைத் திறனையும் அறிந்தோர் அறிந்து போற்றினார்கள். ஆனாலும் அவை பாகவதர் பாட்டுகள் என்றே பிரசித்தியடைந்தன. பின்னணி பாடும் முறை வந்த பிறகோ குரல் வேறு, முகம் வேறு என்று ஆயிற்று. 1945-இல் 'ஸ்ரீவள்ளி' படத்தில் நாயகி ருக்மிணிக்குப் பி. ஏ. பெரியநாயகியின் குரல் பொருத்தப்பட்டது. 1949-இல் 'மஹல்' என்ற ஹிந்திப் படத்தின் இசைத்தட்டில், பாடிய லதா மங்கேஷ்கரின் பெயருக்குப் பதிலாகக் கதாபாத்திரத்தின் பெயரான 'காமினி' என்பதே அச்சிடப்பட்டிருந்தது. அந்தப் பாட்டை வானொலியில் கேட்ட ஜனங்கள், பாடியவர் யார் என்று வினவத் தொடங்கிய பின்னரே உண்மைப் பெயர் வெளிவந்தது. பிற்பாடு ஃபிலிம்ஃபேர் விழாவில், இசையமைப்பாளருக்குப் பரிசளிக்கும் நீங்கள் பாடியவருக்கு ஏன் அளிப்பதில்லை என்று கேட்டு, அதே லதா மேடையில் பாட மறுத்தார். 1959-இல் பின்னணிப் பாடகருக்கென்று தனிப்பரிசு ஏற்பட்டது. தேசிய விருதிலோ, 1967-ஆம் ஆண்டுக்கு இசையமைப்பாளர் கே. வி. மகாதேவனும், 1968-ஆம் ஆண்டுக்குப் பின்னணிப் பாடகி பி. சுசீலாவும் அவரவர் பிரிவில் முதல்வர்களாக விளங்கினார்கள்.

ஒரு பாட்டை அருகில் வைத்துப் பார்ப்போம். நான்கு நிமிஷப் பாட்டில் குரல் ஒலிப்பது ஏறக்குறைய பாதியோ சற்று மேலோதான். பல்லவிக்கு முன்னே வரும் இசை, சரணங்களுக்கு இடையே புல்லாங்குழலும் வயலின்களும் பேசிக்கொள்ளும் பகுதிகள், குரலின் அடியில் ஓடும் தாளக்கட்டு ஆகிய அனைத்தும் எஞ்சிய பாதி. சமையற்கட்டில் வேலை செய்துகொண்டே பாட்டை முணுமுணுக்கும் பெண்மணி, பல்லவி முடிந்ததும் நிறுத்தாமல் அந்த இடையிசையையும் 'தந்நன்னா' என்று பாடிவிட்டே சரணத்துக்குப் போகிறார்! 1976-இல் 'அன்னக்கிளி'யோடு வந்த இளையராஜா, ஒவ்வொரு வாத்தியமும் எந்த இடத்தில் எந்த ஸ்வரத்தை ஒலிக்க வேண்டும் என்பதை மனத்திலேயே கேட்டுக் காகிதத்தில் எழுதிக்கொடுத்தார். பாட்டு பிறக்குமுன்பே அதை முழுவதும் கேட்டுவிட்டவர் ஒருவரே என்றால், உருவத்தின் பெருமையில் மூத்த பங்கு அவருக்குத்தான் என்பதே என் அபிப்பிராயம்.

ஆனால் உருவம் மட்டுமே பாட்டு ஆகாது. கோயில் திருவிழாவின் மெல்லிசை மேடையில் அதே மெட்டு, அதே சொல், அதே தாளம் இருந்தும், ஜானகியம்மாள் பாடியபோது நெஞ்சை அடைத்த அந்த ஒன்று அங்கே வராமற்போவதை நாம் எல்லோரும் உணர்ந்திருக்கிறோம். மெட்டு உடல் என்றால் குரல் உயிர். உயிருக்குக் கணக்கெழுதிப் பங்கு பிரிப்பது எளிதன்று.

அந்தக் கணக்கில் சட்டமும் நெடுங்காலம் தடுமாறியது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், எழுத்தில் வடிக்கப்பட்ட இசையையே இசைப்படைப்பு என ஏற்றது. 1977-இல் உச்சநீதிமன்றம், படத்துக்காக அமைக்கப்படும் இசைக்கும் பாட்டுக்கும், மாறான ஒப்பந்தம் இல்லாவிடில், பட முதலாளியே முதல் உரிமையாளர் என்று தீர்ப்பளித்தது. பாடுபவருக்குச் சட்டத்தில் இடமில்லாதிருப்பதை நீதிபதி கிருஷ்ணய்யர் அத்தீர்ப்பிலேயே குறையாகச் சுட்டிக்காட்டினார். 1994-இல்தான் நிகழ்த்துவோர் உரிமை சட்டத்தில் நுழைந்தது. 2012-இல் ராயல்டியும் உறுதியாயிற்று. இன்றும், மெட்டமைத்தவரின் உரிமை அவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டு நீடிக்க, நிகழ்த்தியவரின் உரிமை 50 ஆண்டில் முடிகிறது. 2017-இல் இளையராஜாவின் அனுமதியின்றி அவர் பாடல்களை மேடையில் பாடலாகாது என்று எஸ். பி. பாலசுப்பிரமணியத்துக்கு வக்கீல் நோட்டீஸ் சென்றபோது, தமிழ்நாடே இரண்டுபட்டு நின்றதற்குக் காரணம், இரு தரப்பிலும் நியாயம் இருந்ததுதான்.

1992-இல் 'ரோஜா'வோடு ஏ. ஆர். ரஹ்மான் வந்த பிறகு பதிவுமுறையே மாறிற்று. எல்லோரும் ஒரே கூடத்தில் கூடி வாசித்த காலம் போய், பாடகர் தனியே வந்து பலவிதமாகப் பாடிவிட்டுச் செல்ல, அவற்றுள் சிறந்ததைத் தேர்ந்து இணைப்பவர் இசையமைப்பாளரும் ஒலிப்பதிவாளருமே என்று ஆயிற்று. அதே ரஹ்மானின் ஒலிநாடா உறைகளில்தான், மடித்து வைத்த சிறு காகிதத்தைப் பிரித்தால், புல்லாங்குழல் நவீன், ஒலிப்பதிவு எச். ஸ்ரீதர் என்று, அதுவரை நாம் கேட்டிருந்தும் அறிந்திராதவர்களின் பெயர்கள் பொடியெழுத்தில் தெரிந்தன. அந்தக் காகிதத்தை விளக்கடியில் பிடித்துப் படித்த இரவுகளில், பாட்டு என்பது ஒரு பெருங்குடும்பம் என்பதை நான் முதன்முதலாக உணர்ந்தேன்.

ஆகவே, இசையமைப்பாளரா பாடகரா என்ற வழக்கில் உருவத்தை அவருக்கும் உயிரை இவருக்கும் கொடுத்து அமைதி கொள்ளலாம். இருவருக்கும் பெயரேனும் இருக்கிறது. நம் கவலை பெயரில்லாதவரைப் பற்றியதாக இருக்க வேண்டும். 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு: திரைப்படத்தில் தற்செயலாகவோ துணையாகவோ மட்டும் பங்குகொண்டு, தொழில் வழக்கப்படி பெயர்ப்பட்டியல் உள்பட எங்குமே குறிப்பிடப்படாத ஒருவர், தம் பங்கு சிதைக்கப்படுவதைத் தடுக்கும் உரிமை ஒன்றைத் தவிர வேறெதற்கும் நிகழ்த்துவோராகக் கருதப்படமாட்டார். பெயர் என்பது வெறும் மரியாதை அன்று, உரிமைக்கே அது வாயில் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பாட்டை வெளியிடுவோரே, குழல் வாசித்தவர் பெயரையும், வயலின் வாசித்தவர் பெயரையும், ஒலியைப் பதிந்தவர் பெயரையும் ஒன்றுவிடாமல் எழுதுங்கள். ரசிகர்களே, அடுத்த முறை ஒரு பாட்டில் மனம் உருகும்போது, அந்தப் பெயர்களைத் தேடிப் படியுங்கள்.