வலிக்காத புண்ணுக்கு யார் வைத்தியம் பார்ப்பது?

வயிறு எரிந்தால் கேஸ் மாத்திரை, எரிச்சல் நின்றால் மாத்திரையும் நிற்கும். கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடும் எம்.ரெட்டியபட்டி, திருச்சுழிப் பக்கமும், தறி ஓடும் அருப்புக்கோட்டையிலும் குடற்புண்ணுக்கு நடக்கும் வைத்தியம் பெரும்பாலும் இதுதான். அறியாமை என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் வகை மாத்திரைகள் அமிலத்தை அடக்கி, முன்சிறுகுடல் புண்களில் பெரும்பாலானவற்றை நான்கு வாரத்தில் ஆற்றிவிடுகின்றன. விலையும் குறைவு. ஒரு நாள் படுத்தால் கூலி போய்விடுகிறவருக்கு இது பெரிய உதவி.

கோளாறு, வலியை அளவுகோலாக வைத்ததில் இருக்கிறது. இந்தப் புண் வலிக்காமலே இருக்கும்; வலி நின்ற பிறகும் ஆறாமல் கிடக்கும். எச்சரிக்கை ஏதுமின்றி ரத்தக்கசிவோடோ குடலில் ஓட்டையோடோ ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் முதியவர்களும், மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் விழுங்குகிறவர்களும் அதிகம். அந்த மாத்திரை புண்ணையும் உண்டாக்கும், அதன் வலியையும் மறைக்கும். ரத்தம் கசிந்தால் மலம் தார்போலக் கறுக்கும் என்கிறோம். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்கு எப்படியும் கறுப்பாகத்தான் போகும். அந்தச் சோகையே கசிவால் வந்ததா என்று கேட்பவர் குறைவு.

ரயில்வே ஊழியர்களை ஆராய்ந்த எஸ்.எல்.மல்ஹோத்ரா, வடக்கைவிடத் தெற்கில் இந்தப் புண் அதிகம் என்று 1960களிலேயே எழுதினார், உணவைச் சந்தேகித்தார். 1982இல் பெர்த்தில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் இந்தப் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியைக் கண்டறிந்த பிறகு கணக்கு மாறியது. கிருமியை ஒழித்தால் புண் திரும்புவது வெகுவாகக் குறைகிறது. ஆகவே, வலிக்காத புண் தற்செயலாகக் கண்ணில் பட்டாலும் கிருமி உண்டா என்று பார்த்து வைத்தியம் செய்தாக வேண்டும். ‘தொந்தரவு இல்லையே’ என்ற வாதம் இங்கே செல்லாது.

அதற்காக ஊர் முழுக்க எண்டோஸ்கோப்பி, எல்லோருக்கும் கிருமி மருந்து என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. இந்தியாவில் வயதுவந்தோரில் பாதிக்கு மேற்பட்டோரிடம் இந்தக் கிருமி உண்டு. புண் வருவதோ சிலருக்குத்தான். எல்லோருக்கும் 14 நாள் ஆன்டிபயாடிக் கொடுத்தால், கிளாரித்ரோமைசினுக்கும் மெட்ரோனிடசோலுக்கும் ஏற்கெனவே அசராத கிருமி இன்னும் தேறிவிடும்.

தேட வேண்டியவர்கள் வேறு: வலிநிவாரணியோ ஆஸ்பிரினோ தினமும் சாப்பிடும் முதியவர், காரணம் தெரியாத சோகை உள்ளவர், முன்பு புண் இருந்தவர். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவருகிறவர் “மூட்டுவலிக்கு என்ன சாப்பிடுறீங்க, பாட்டி?” என்று கேட்டாலே பாதி வேலை முடியும். மீதிப் பாதி சோதனையில் இருக்கிறது. மருத்துவரிடம் கேட்டு, கேஸ் மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்திய பிறகே கிருமிக்கான மலப்பரிசோதனை செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லையென்று சீட்டு வரக்கூடும். ஆனால், மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கிச் சாப்பிட்டதை யாரும் மருத்துவரிடம் சொல்வதில்லை.