பாண்டின் துப்பாக்கியும் பொருந்தாத உறையும்

ஜேம்ஸ் பாண்டை எனக்கு அறிமுகப்படுத்தியது ராணி காமிக்ஸ். தாத்தா வீட்டுப் பரணில் கட்டுக் கட்டாகக் கிடக்கும். பாண்ட் கோட்டுக்குள் கையை விட்டால் துப்பாக்கி வந்துவிடும். அது உள்ளே எப்படி நிற்கிறது, ஓடும்போது ஏன் விழவில்லை, உட்கார்ந்தால் குத்தாதா என்றெல்லாம் அந்த வயதில் யார் கேட்டார்கள்? முப்பது வருடம் கழித்து, டெக்ஸாஸில் ஒரு நண்பன் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு அதைக் கேட்க வேண்டி வந்தது. அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் புத்தகம்.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் துப்பாக்கி நிபுணன் இல்லை. பயிற்சிக் கூடத்தில் இரண்டு முறை சுட்டிருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் இருபது வருடமாக மென்பொருள் எழுதுகிறேன். தனித்தனியாக நன்றாக இருக்கும் இரண்டு பாகங்கள் சேர்த்து வைத்தால் எப்படிச் சொதப்பும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

உலகின் பிரபலமான துப்பாக்கித் தேர்வு

இயான் ஃபிளெமிங் எழுதிய 'டாக்டர் நோ' நாவல் 1958-ல் வந்தது. அதன் தொடக்கத்தில் ஒரு காட்சி. முந்தைய நாவலான 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' (1957) முடிவில், பாண்டின் பெரெட்டாவை உருவும்போது அதன் சைலன்ஸர் இடுப்பில் சிக்கிக்கொண்டது. பாண்ட் சாவின் விளிம்புவரை போய்த் திரும்பினான். அதனால் மேலதிகாரி எம் ஆயுத நிபுணரை வரவழைக்கிறார். பெரெட்டா பறிபோகிறது. வால்தர் பிபிகே கைக்கு வருகிறது.

ஒளித்து எடுத்துச் செல்லும் கைத்துப்பாக்கியை ஒருவர் எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்கு, உலகத்தில் அதிகம் பேர் படித்த, பார்த்த காட்சி அநேகமாக இதுதான். 1962-ல் சினிமாவாகவும் வந்தது. அதனால்தான் இதை ஒரு விமர்சகனாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. காட்சி சுவாரசியமானதா? சந்தேகமே இல்லை. சரியானதா? பாதி.

கிளாஸ்கோவிலிருந்து வந்த பிழை அறிக்கை

காட்சிக்குப் பின்னால் ஒரு நிஜ மனிதர் இருக்கிறார். ஜெஃப்ரி பூத்ராய்ட். கிளாஸ்கோக்காரர், துப்பாக்கிகள் மேல் பித்து. 1956-ல் ஃபிளெமிங்குக்கு ஒரு கடிதம் போடுகிறார். சாராம்சம் இதுதான்: உங்கள் கதை பிடிக்கிறது, ஆனால் உங்கள் ஆள் வைத்திருக்கும் .25 காலிபர் பெரெட்டா உதவாது.

எங்கள் தொழிலில் இதற்குப் பிழை அறிக்கை என்று பெயர். அதிலும் இது நல்ல ரகம். குறை சொன்னதோடு நிற்காமல் மாற்றும் சொல்கிறது. பூத்ராய்ட் பரிந்துரைத்தது ஸ்மித் அண்ட் வெஸன் சென்டெனியல் ஏர்வெயிட் என்ற .38 ரிவால்வர். அந்த நிறுவனத்தின் நூற்றாண்டையொட்டி 1952-ல் வந்தது. ஐந்து குண்டு. சுத்தியல் வெளியே நீட்டிக்கொண்டிருக்காது, உடம்புக்குள் மறைந்திருக்கும். உருவும்போது துணியில் மாட்ட எதுவும் இல்லை.

இரண்டு குறைகளுக்கும் இது நேரடிப் பதில். .25 காலிபர் குண்டோடு ஒப்பிட்டால் .38 ஸ்பெஷலின் ஆற்றல் மூன்று மடங்குக்கும் மேல். சிக்கும் பிரச்சினையும் தீர்ந்தது.

அதோடு ஓர் உறையையும் பூத்ராய்ட் சொன்னார்: பெர்ன்ஸ்-மார்ட்டின். இங்கேதான் நாம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

அமெரிக்கத் தயாரிப்பான அந்த உறையின் முன்பக்கம் மேலிருந்து கீழ்வரை திறந்திருக்கும். தோலுக்குள் ஒரு எஃகு ஸ்பிரிங். ரிவால்வரில் குண்டுகள் இருக்கும் உருளை புடைத்துக்கொண்டிருக்கும் அல்லவா, அதை அந்த ஸ்பிரிங் இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும். துப்பாக்கியை மேலே தூக்க வேண்டாம். முன்னால் தள்ளினால் ஸ்பிரிங் விரிந்து வழிவிடும். தலைகீழாகத் தொங்கவிட்டாலும் விழாது. இடுப்பிலும் மாட்டலாம், தோளிலும் மாட்டலாம். பிரமாதமான யோசனை. ஆனால் முழுக்க முழுக்க அந்த உருளையை நம்பியே நிற்கும் யோசனை.

ஒன்றைச் சரிசெய்து இன்னொன்றைக் கெடுத்தது

ஃபிளெமிங் என்ன செய்தார்? பாண்டுக்கு ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்று நினைத்தார். கடிதப் போக்குவரத்து தொடர்ந்தது, பிபிகே முடிவானது. மோசமான தேர்வு என்று சொல்ல முடியாது. 1930-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் வந்த பிஸ்டல். தட்டையானது, சுமார் 600 கிராம், அதன் 7.65 மி.மீ. குண்டு எங்கேயும் கிடைக்கும். ஆற்றலும் பெரெட்டாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நாவலில் ரிவால்வரும் உண்டு, தூரத்து வேலைக்கென்று இரண்டாவது ஆயுதமாக. ஆனால் வாசகர் மனதில் நின்றது வால்தர்தான்.

உறை? அது மட்டும் மாறவில்லை. அதே பெர்ன்ஸ்-மார்ட்டின்!

பிபிகேயில் உருளையே கிடையாது. பக்கவாட்டில் பலகை மாதிரி இருக்கும். ஸ்பிரிங் எதைக் கவ்வும்? பாண்ட் நாலு படி வேகமாக இறங்கினால் துப்பாக்கி முன்பக்கத் திறப்பு வழியாகத் தரைக்கு வந்துவிடும். பூத்ராய்டே பிறகு இதைச் சுட்டிக்காட்டினார். ஆனாலும் அடுத்து வந்த நாவல்களிலும் இந்த ஜோடி தலைகாட்டுகிறது.

கிங்ஸ்லி ஏமிஸ் 1965-ல் பாண்ட் நாவல்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பிராண்ட் பெயர், எடை, அளவு என்று துல்லியத் தகவல்களைத் தூவி, நம்ப முடியாத கதையை நம்பவைக்கும் உத்திக்கு 'ஃபிளெமிங் விளைவு' என்று பெயர் வைத்தார். பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கும் அந்த உத்தி பிடிக்கும். ஆனால் என் புகார் இதுதான்: தகவல் ஒவ்வொன்றும் தனியாக உண்மை. பிபிகே உண்மை, பெர்ன்ஸ்-மார்ட்டின் உண்மை. இரண்டும் சேரும் இடம் பொய். பெயர்ப் பட்டியலாகப் படிக்கிறவருக்கு இது தெரியவே தெரியாது. ஒருமுறை கையில் வாங்கிச் செருகிப் பார்த்தவருக்கு அரை நொடியில் தெரியும்.

சினிமா இன்னும் ஒரு படி மேலே போனது. வசனத்தில் வால்தர் பிபிகே, கையில் கொடுப்பதோ அதன் அண்ணனான வால்தர் பிபி. பெயர் போதும், பொருள் எதுவானால் என்ன!

ஃபிளெமிங்குக்கு நியாயம் செய்ய வேண்டும். தன்னிடம் குறை கண்டவரை அவர் ஒதுக்கவில்லை. நாவலின் ஆயுத நிபுணருக்கு மேஜர் பூத்ராய்ட் என்றே பெயர் வைத்தார். குறை சொன்ன வாசகருக்கு நன்றிக்கடிதம் எழுதுவதே அபூர்வம், இவர் பாத்திரமே ஆக்கிவிட்டார். தவிர, காட்சியின் அடிப்படை சரியாகவே இருக்கிறது: எது தோற்றது என்பதிலிருந்து தேர்வு தொடங்குகிறது. எது அழகு, எது புதுசு என்பதிலிருந்து தொடங்கவில்லை.

உறைதான் பாதுகாப்பு

இன்று அமெரிக்காவில் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை ஒளித்து எடுத்துச் செல்லலாம். டெக்ஸாஸில் 2021 செப்டம்பரிலிருந்து. 2018-ல் சிக் சாவர் பி365 வந்தபின், ஏறக்குறைய பிபிகே அளவு உடம்பில் பத்து 9 மி.மீ. குண்டு என்பது சாதாரணமாகிவிட்டது. பாண்டின் காலத்துக் கவலைகள் பலவும் தீர்ந்துவிட்டன.

ஒன்று மட்டும் கூடியிருக்கிறது. பழைய ரிவால்வரின் ட்ரிகர் கனமானது, நீளமானது. வேண்டுமென்று இழுத்தால்தான் வரும். இன்றைய பிஸ்டல்கள் பலவற்றில் ட்ரிகர் இலகு, தனியாகத் தள்ளும் சேஃப்டி பட்டனும் இல்லை. அப்படியானால் பாதுகாப்பு எங்கே இருக்கிறது? உறையில். ட்ரிகரையும் அதைச் சுற்றிய வளையத்தையும் கடினமான ஏதோ ஒன்று முழுசாக மூடியிருக்க வேண்டும். உறையின் வாய் சுருங்காமல் திறந்தே நிற்க வேண்டும். உருவினால் துப்பாக்கி மட்டும் வரவேண்டும், உறை பெல்ட்டிலேயே தங்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாவிட்டால் அதை உறை என்றே சொல்லக்கூடாது.

இன்னொரு வேடிக்கை. சட்டைக்கு மேலே புடைத்துக் காட்டிக்கொடுப்பது குழல் என்று நினைப்போம். இல்லை, அது பேண்ட்டுக்குள் போய்விடும். காட்டிக்கொடுப்பது கைப்பிடி. கைப்பிடியைக் குட்டையாக்கினால் மறையும், ஆனால் சுண்டுவிரலுக்கு இடமிருக்காது, பிடிப்பு ஆடும். எதைக் குறைத்தாலும் எங்கேயோ விலை கொடுக்கணும்.

டெக்ஸாஸ் சமையலறை

இப்போது நண்பன் கதை. கல்லூரித் தோழன். கிரீன் கார்டு வந்து சில வருடம் ஆகிறது. அடுக்ககத்தின் கார் நிறுத்தத்தில் ஒரு இரவு யாரோ கத்தியைக் காட்டி பர்ஸைப் பிடுங்கிவிட்டார்கள். அடுத்த மாதம் ஒரு 9 மி.மீ. பிஸ்டல் வாங்கிவிட்டான். வாரக்கணக்கில் ஆராய்ச்சி செய்து வாங்கியது. குண்டுகளை வெளியே எடுத்து, அறை காலி என்று இரண்டு முறை காட்டிவிட்டு என் கையில் கொடுத்தான். அதுவரை எல்லாம் சரி.

உறையைப் பார்த்தேன். மெத்தென்ற நைலான் பை.

"என்னடா இது?"

"யுனிவர்சல்டா மச்சான். எல்லா பிஸ்டலுக்கும் செட் ஆகும். இருபது டாலர்தான்."

காலித் துப்பாக்கியை அதில் செருகச் சொன்னேன். துணிக்கு மேலேயே விரல் வைத்தால் ட்ரிகர் தட்டுப்பட்டது. உருவச் சொன்னேன். துப்பாக்கியோடு உறையும் சேர்ந்து வந்தது. இதை அவன் வயிற்றுக்கு முன்னால் செருகிக்கொள்கிறான். அவன் உட்கார்ந்தால் ஐந்து வயது மகள் ஓடிவந்து மடியில் ஏறுவாள். அன்று சாயங்காலமும் ஏறினாள்.

பெர்ன்ஸ்-மார்ட்டின் கதையை அவனுக்குச் சொன்னேன். சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "துப்பாக்கிக்கு ஆறு வாரம் படிச்சேன்டா, இதுக்கு ஆறு நிமிஷம்கூட படிக்கலை" என்றான். அடுத்த வாரம் ஒரு பயிற்சியாளரிடம் போனான். அவர் அந்தப் பையை வாங்கிப் பார்த்து, ஒன்றும் பேசாமல் குப்பைத்தொட்டியைக் காட்டினாராம். அந்த மாடலுக்கென்றே அச்சில் வார்த்த கைடெக்ஸ் உறை, வளையாத பெல்ட், பூட்டுப் பெட்டி எல்லாம் பிறகு வந்தன.

இரண்டு மாதம் கழித்துப் பேசினோம். இப்போது பெரும்பாலும் அது பெட்டியில்தான் இருக்கிறதாம். அலுவலகத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. மகளின் பள்ளிக்குள் கூடாது. நடுவில் கழற்றிக் காரில் வைத்தால், காரை உடைத்தால் போச்சு. ஒரு நாளில் நாலு முறை கழற்றி மாட்டுவதுதான் தனக்கு அதிக ஆபத்து என்று அவனே கணக்குப் போட்டிருக்கிறான். கத்தி காட்டிய அந்த இரவுக்கு இந்தக் கணக்கில் என்ன இடம் என்று நான் கேட்கவில்லை. அந்த பயம் என்னுடையது இல்லை.

டாக்டர் நோவின் அந்தக் காட்சியை நேற்று மறுபடி படித்தேன். எம் கேட்கிறார், பூத்ராய்ட் சொல்கிறார், பாண்ட் பெரெட்டாவைப் பிரிய மனமில்லாமல் நிற்கிறான். நல்ல காட்சிதான். அந்த அறையில் யாராவது ஒருவர் பிபிகேயை அந்த உறையில் ஒரே ஒரு தடவை செருகிப் பார்த்திருக்கலாம்.