சுற்றி விடும் அலுவலகம்

1834ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் இலண்டன் பாராளுமன்றம் எரிந்தது. பகைவன் மூட்டிய தீயன்று. பழைமை மூட்டிய தீ! பணம் செலுத்தியதற்குச் சான்றாகக் குச்சியிலே வெட்டுக்குறி இடும் வழக்கத்தை, காகிதமும் கணக்கேடும் வந்து எத்தனையோ தலைமுறை கடந்த பின்னரும், 1826 வரை கைவிடாது காத்தது அந்நாட்டுக் கருவூலம். முன்னோர் செய்தார், நாமும் செய்வோம் என்ற அந்தக் குரல் நமக்குப் புதிதா, என்ன? குவிந்து கிடந்த குச்சிகளைப் பிரபுக்கள் சபையின் உலையிலிட்டனர், மன்றமே சாம்பலாயிற்று.

1855இல் நிர்வாகச் சீர்திருத்தச் சங்கத்தின் மேடையில் இதனைச் சொல்லி நகைத்தவர் சார்லஸ் டிக்கன்ஸ். கிரிமியப் போர்க்களத்தில் குளிரில் விறைத்த வீரனுக்கு, வறுக்காத பச்சைக் காப்பிக்கொட்டை வழங்கப்பட்ட காலம் அது. அவ்வாண்டின் இறுதியில் தொடங்கி 1857 வரை அவர் தொடராக எழுதிய புதினமே ‘லிட்டில் டாரிட்’.

அதிலே ஓர் அரசாங்க அலுவலகம். எதையும் செய்யாதிருப்பது எப்படி என்பதே அதன் கலை. அதனை ஆள்வது பார்னக்கிள் குடும்பம். கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டு அசைய மறுக்கும் கடலுயிரின் பெயர் அது! கடனுக்காகச் சிறையில் வாடும் முதியவரின் வழக்கு என்னவென்று அறிய அங்கே செல்கிறான் கிளென்னம். அலுவலகத்தார் அதிகாரியின் வீட்டுக்கு அனுப்புகின்றனர். வாத நோயால் காலைத் தூக்கி வைத்திருக்கும் அதிகாரியோ மீண்டும் அலுவலகத்துக்கே அனுப்புகிறார். அறை அறையாக அலைகிறான். இறுதியில் குடும்பத்து இளைஞன் ஒருவன் பரிவோடு விளக்குகிறான்: விண்ணப்பம் எழுத வேண்டும், அது பதிவாக வேண்டும், வேறு இலாகாவுக்குப் போக வேண்டும், திரும்ப வேண்டும், பேசாமல் விட்டுவிடுவதே நல்லது! கொடுமனம் கொண்டவனல்லன் அவன். இனிமையானவன். டிக்கன்சின் மேதைமை இங்கேதான் என்போம். காகிதம் தேங்குவது சோம்பலால் மட்டுமன்று. கேட்பவனுக்கு அறியும் உரிமை உண்டென்று அங்கே ஒருவனும் எண்ணவில்லை.

ஆயினும் குறையொன்று உண்டு. நாட்டுக்குப் பயன்படும் கருவி கண்ட டாய்ஸ், குற்றவாளிபோல் நடத்தப்பட்டு, முடிவில் வெளிநாடு சென்று பதக்கம் பெறுகிறான். அலுவலகமோ அப்படியே நிற்கிறது. தப்பிச் செல்லும் வழியைக் காட்டினார் டிக்கன்ஸ். திருத்தும் வழியைக் காட்டவில்லை.

திருத்த முனைந்தோர் இருந்தனர். பிறப்பையும் பரிந்துரையையும் விடுத்துத் தேர்வால் ஆள் எடுக்க வேண்டுமென 1854இல் நார்த்கோட், டிரவெலியன் இருவரும் அறிக்கை தந்தனர். 1870இல் பொதுப்போட்டி பெருமளவில் நடைமுறைக்கு வந்தது. நாற்காலியில் அமர்வோர் மாறினர். ஆனால் செய்தி? அந்த டிரவெலியனே 1859இல் சென்னை ஆளுநராக வந்தார். வருமான வரித் திட்டத்தை எதிர்த்துத் தாம் எழுதிய குறிப்பைச் செய்தித்தாளில் வெளிவரச் செய்தார்; மக்கள் படித்தனர். 1860இல் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டது இலண்டன்!

கிளென்னம்கள் கேட்டால் விடையளித்தாக வேண்டும் என்னும் சட்டம் பிரிட்டனில் நடைமுறைக்கு வந்தது 2005 சனவரியில்தான். தமிழ்நாடு 1997லேயே தகவல் பெறும் உரிமைக்குச் சட்டம் இயற்றியிருந்தது.