செந்தூரன் வரதராஜாவின் ஜேர்மன் நாவல்கள்

புலம்பெயர் இலக்கியம் என்றதும் தமிழில் எழுதப்பட்டவற்றையே நாம் பெரிதும் கருதுகிறோம். பாரிசிலிருந்து எழுதும் ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) அதற்குத் தக்க சான்று. அங்கே நாடு மாறியது, மொழி மாறவில்லை. செந்தூரன் வரதராஜாவின் நிலை வேறு. 1984 இல் யாழ்ப்பாணத்திற் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே ஜேர்மனியை அடைந்த இவர் ஜேர்மன் மொழியிலேயே நாவல் படைக்கிறார்.

2014 இல் கிளாகன்ஃபுர்ட் நகரின் பாக்மன் இலக்கியப் போட்டியிற் பரிசு பெற்ற இவரின் முதல் நாவல் 2016 இல் வெளிவந்தது. 'குறிகளின் பெருக்கத்துக்கு முன்' எனப் பொருள்படும் தலைப்பு அதற்கு. ஈழத்துச் செந்திலும் கொசோவோவைச் சேர்ந்த வல்மீராவும் ஏழு நாட்கள் முகநூலில் எழுதிக்கொள்கின்றனர், நேரிற் சந்திப்பதில்லை. கதை அவ்வளவே. பெயர்ச்சொல் யாவும் பெரிய எழுத்தில் தொடங்கவேண்டும் என்னும் ஜேர்மன் விதியை ஆசிரியர் கைவிட்டு, நூல் முழுவதையும் சிற்றெழுத்தில் எழுதுகிறார். ஊர், உறவு, பெயர் ஆகியன தம் உயரத்தை இழந்து நிற்பதை அச்செழுத்தே காட்டுகிறது. (எழுத்தில் அத்தகைய வேறுபாடற்ற தமிழுக்கு மொழிபெயர்ப்போர் இவ்விடத்து என்செய்வர் என்பது சுவையான வினா.)

2017 இல் இவருக்கு ஷமிசோ ஊக்கப்பரிசு கிடைத்தது. பிரெஞ்சுப் புரட்சியால் நாடு நீங்கி ஜேர்மன் கவிஞரான ஷமிசோவின் பெயரால் 1985 முதல் வழங்கப்பட்ட அப்பரிசு அவ்வாண்டோடு நிறுத்தப்பட்டது. பிறமொழிப் பின்புலத்தோர்க்கென அமைந்த பரிசு, வந்தேறிய ஒருவர் மொழியொன்றை வென்றார் என்ற கோணத்தில் நூலை நோக்கத் தூண்டுகிறது. நாவலோ வெற்றியைப் பேசவில்லை. கற்ற மொழி எவ்வளவு செம்மையுறுகிறதோ அவ்வளவுக்குத் தாய்மொழி பின்னடைவதையே அது பேசுகிறது.

புத்தளம் மாவட்டக் கரையோரத்தவராகிய எமக்கு இது புதிய செய்தியன்று. சிலாபத்துக்குத் தெற்கே நீர்கொழும்பு வரையுள்ள கத்தோலிக்க ஊர்கள் பலவற்றில் பாட்டி தமிழிற் செபிக்க, பேரன் சிங்களத்திற் பாடம் படித்தான். பள்ளிமொழி மாறியபின் இரண்டொரு தலைமுறையில் வீட்டுமொழியும் மாறிற்று. வடக்கே உடப்பு தமிழைப் பேணிற்று. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தையும் கற்பிட்டியையும் வந்தடைந்த முஸ்லிம்கள் ஊரை இழந்தனர், மொழியை இழக்கவில்லை. கடல் கடவாமலே மொழி கடந்தோரை அயலிற் கண்டவர்க்குச் செந்திலின் தயக்கம் எளிதில் விளங்கும்.

2022 இல் வந்த 'சிவப்பு (பசி)' இவ்வாசகரை ஏமாற்றும். ஜேர்மனியின் ரோட்டன்பர்க்கில் 2001 இல் ஒருவர் தம் உடன்பாட்டுடனேயே கொன்று உண்ணப்பட்ட நிகழ்ச்சியையும் ஒரு காதற் பிரிவையும் அது இணைக்கிறது. அகதி வாழ்வு அதன் மையப்பொருளன்று. இணைப்பு யாண்டும் பொருந்துவதாகச் சொல்லமுடியாது; சிலவிடத்து உவமானம் உவமேயத்தை விழுங்கிவிடுகிறது. ஆயினும் அகதிக் கதையே இவர் எழுதவேண்டும் என எதிர்பார்ப்பது, ஜேர்மன் பொருளை ஜேர்மானியர்க்கே ஒதுக்கிவைப்பதாகும். முதல் நாவலை எம்முடையதென உரிமை கோரும் நாம், இரண்டாவதைப் பற்றி வாளாவிருப்பது முறையன்று.