பழைய அகலக்கோண லென்ஸும் மலிவு அடாப்டரும்

உள்ளே ஆடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் பரவிய பின், 1970களில் ஜப்பானில் செய்யப்பட்ட, கையால் ஃபோகஸ் செய்யும் 28 மி.மீ. அகலக்கோண லென்ஸ்களை மலிவாகத் தேடி வாங்கும் வழக்கம் வேரூன்றியிருக்கிறது. எம்42 என்னும் திருகு மவுண்டில் லென்ஸின் விளிம்புக்கும் பிலிமுக்கும் இடையே 45.46 மி.மீ. இடைவெளி உண்டு, சோனியின் இ மவுண்டில் அது 18 மி.மீ. மட்டுமே என்பதால், மிஞ்சும் இடத்தை நிரப்பும் அடாப்டர் என்ற உலோக வளையமே பழையதைப் புதியதோடு பொருத்தப் போதுமானதாகிறது.

இவ்வகை லென்ஸின் தலையாய சிறப்பு, அதன் உடலில் பொறிக்கப்பட்ட தூர அளவுகோலே ஆகும். துளையை எஃப்8க்குச் சுருக்கி வளையத்தை ஏறத்தாழ 3.3 மீட்டரில் நிறுத்தினால், முழுச்சட்டக் கேமராவில் 1.6 மீட்டர் தொடங்கி அடிவானம் வரை யாவும் ஏற்கத்தக்க தெளிவுடன் பதியும். தெருவில் படமெடுப்பவர் ஃபோகஸைப் பற்றிய கவலையின்றிக் காட்சியை மட்டும் கவனிக்கலாம். அளவுகோலே இல்லாமல் வரும் இன்றைய பல லென்ஸ்களில் இந்த வசதி கிடைப்பதில்லை.

ஆனால் இச்சிறப்பையே மலிவு அடாப்டர் பறித்துவிடுகிறது. முடிவிலித் தூரம் தவறாமல் எட்டப்பட வேண்டும் என்பதற்காக அவை பெரும்பாலும் சற்று மெல்லியதாகவே கடையப்படுகின்றன. ஒரு மி.மீ.யில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும், 3.3 என்று காட்டும் இடத்தில் 28 மி.மீ. லென்ஸ் உண்மையில் ஐந்தரை மீட்டருக்கு அப்பால் குவிகிறது. அதே பிழை 100 மி.மீ. லென்ஸில் கண்ணுக்கே படாது. லென்ஸைப் பேரம் பேசி வாங்கியவர் வளையத்திலும் காசு மிச்சம் பிடிப்பது, பெற்ற பயனைத் தாமே கைவிடுவதாகும்.

ஒளியியலிலும் அகலக்கோணத்துக்குச் சலுகை குறைவே. பின்னால் அசையும் ஆடிக்கு இடம்விட, குவியத்தூரத்தைவிடப் பின்தள்ளி நிற்கும் ‘ரெட்ரோஃபோகஸ்’ அமைப்பை அன்றைய எஸ்.எல்.ஆர். லென்ஸ்கள் ஏற்க வேண்டியிருந்தது; பிரான்சின் ஆஞ்சினியே நிறுவனம் 1950இல் கொணர்ந்த அவ்வமைப்பு, மூலைத் தெளிவைக் காக்கப் பல ஆண்டுகள் திணறியது. 1967இல் நிக்கான் தன் 24 மி.மீ. லென்ஸில் தனித்து நகரும் கண்ணாடித் தொகுதியைச் சேர்த்து, அருகில் ஃபோகஸ் செய்கையில் நேரும் குறையைத் தணித்தது. எனவே பழைய 50 மி.மீ. லென்ஸ் இன்றைக்கும் ஈடுகொடுப்பதை வைத்து 28ஐ மதிப்பிடுவது பிழை. பெயரை மட்டும் நம்புவதும் அப்படித்தான்: விவிடார் தன் லென்ஸ்களைப் பல ஜப்பானியத் தொழிற்சாலைகளில் செய்வித்தது, வரிசை எண் 22 என்று தொடங்கினால் கிரான், 28 எனில் கோமினே.

ஏபிஎஸ்-சி என்னும் சிறு உணரியில் 28 மி.மீ. லென்ஸின் காட்சி 42 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடுவதால், அத்தகைய கேமரா வைத்திருப்பவருக்கு இந்த வாங்குதலில் அகலக்கோணம் என்ற பெயர் மட்டுமே கிட்டுகிறது.