போராட்டப் பலகையில் வலிமைச் சமன்

திருமுருகன்பூண்டியில் வேடுவராய் வந்த பூதகணங்கள் பொருளைக் கவர்ந்தபோது, சுந்தரர் வில்லெடுத்திலர். பதிகம் பாடி மீட்டார் எனப் பெரியபுராணம் கூறும். ஒவ்வாத இருதரப்பை நிகராக்குவது படைப்பெருக்கமன்று, வெல்லும் நெறியின் வேறுபாடே என்பது இதனாற் பெறப்படும். ஆடுபுலியாட்டமும் இவ்வியல்பினதே. 3 புலிகள் 15 ஆடுகளைத் தாண்டி வெட்டி வெல்லும், ஆடுகளோ வெட்டா, புலிகளை நகரவொட்டாது அடைத்து வெல்லும்.

சப்பான் படையெடுப்பைப் பலகையாட்டமாக்குவோர்க்கும் இதுவே அளவுகோல். 1945 நவம்பர் 1-இல் கியூசூவின் தென்கரையிலும், 1946 மார்ச்சில் டோக்கியோவை அடுத்த சமவெளியிலும் இறங்க அமெரிக்கர் திட்டமிட்டனர். 1945 ஆகஸ்டு 15-இல் சப்பான் பணிவை அறிவித்தமையின் அது நிகழவில்லை. சப்பானியர்க்கு அன்றில்லாத கப்பல்களை ஈந்து நிகர்செய்யின் வரலாறு பொய்க்கும். பேரிழப்பு விளைத்துச் சாதகமான உடன்பாடு பெறுதலே அவர் கருதியது. ஆதலின், வெண்பாமாலை வழக்கிற் கூறின், வஞ்சியார்க்கு நிலமும் காஞ்சியார்க்குக் காலமும் வெற்றியின் அளவைகளாதல் வேண்டும்.

ஆயினும் ஒரு குறை எஞ்சும். 1945-இல் ஓக்கினாவாப் போரில் குடிமக்கள் பல்லாயிரவர் மடிந்தனர். அவர்க்குப் பலகையிற் காயில்லை. அவரை எண்ணாத சமன் ஆட்டத்திற்கு அமையும், வரலாற்றிற்கு அமையாது.